மைலும் கிலோமீட்டரும்: பர்லாங் வழியாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது எப்படி?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். நாலாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை பிள்ளைகள் வருவார்கள். ஒரு நாள், காசிமேட்டிலிருந்து வரும் ஏழாம் வகுப்புப் பையன் வந்ததும் வராததுமாக நோட்டை என் முன்னால் நீட்டி, "மிஸ், நீங்க சொல்லிக் குடுத்த கணக்கு தப்பாம். எங்க அப்பா சொன்னாரு" என்றான்.

முந்தின நாள்தான் 12 மைல் என்றால் 19.2 கிலோமீட்டர் என்று அவனுக்குப் போட்டுக் காட்டியிருந்தேன். அவன் அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். நோட்டைப் பார்த்துவிட்டு, "பன்னண்டு மைலுன்னா இருவத்திரெண்டு கிலோமீட்டரு வரும்டா. கடல்ல போறவனுக்குத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார்.

அவர் சொன்னதும் சரி, நான் போட்டதும் சரி. அது எப்படி என்பதைக் கடைசிப் படியில் சொல்கிறேன். அன்றைக்கு என்னை உறுத்தியது வேறொன்று. 19.2, 22 இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு பையன் முழிக்கிறான். எது பொருந்தும் என்று பார்க்க அவன் கையில் ஒன்றுமே இல்லை. பெருக்கக் கற்றுக்கொடுத்த நான், மைல் என்பது எவ்வளவு நீளம் என்று காட்டவே இல்லை. அதன் பிறகு பாடத்தின் வரிசையை மாற்றிவிட்டேன். இப்போது 1.6 என்ற எண்ணை நாலாவது படி வரைக்கும் வாயிலேயே எடுப்பதில்லை. இந்த வரிசையில் போனால் பிள்ளைகள் தடுமாறுவதில்லை என்பதைக் கண்ணால் பார்த்துவருகிறேன். வீட்டிலேயே சொல்லித்தர நினைக்கிற அம்மா அப்பாக்களுக்காக அதை அப்படியே எழுதுகிறேன்.

மைல் எதற்கு இப்போது?

பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். நம் நாட்டில் 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. அதற்கு அடுத்த வருடம் ஏப்ரல் 1 முதல் அணா போய் நயா பைசா வந்தது. சாலையில் மைலும் படிப்படியாகப் போய்விட்டது. பேச்சில் மட்டும் போகவில்லை. கிலோமீட்டர் எழுதிய கல்லையும் நாம் மைல்கல் என்றுதான் சொல்கிறோம். வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் பெரியவர்கள் இன்னமும் மைலில் பேசுவதைக் கேட்கலாம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சாலைப் பலகைகள் மைலில்தான் இருக்கின்றன. அங்கே இருக்கும் அத்தை வீடியோ காலில் "ஆபீஸ் 25 மைலுடா" என்றால், நம் பிள்ளைக்கு அது இங்கிருந்து எதுவரை என்று மனதில் ஓட வேண்டும். அதற்குத்தான் இந்தப் பாடம்.

படி 1: இரண்டு பாட்டில், ஒரு பக்கெட்

மைல்–கிலோமீட்டர் கணக்கில் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி ஒரே தவறுதான்: பெருக்க வேண்டிய இடத்தில் வகுப்பார்கள், வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்குவார்கள். மனப்பாடம் இதைத் தீர்க்காது. தண்ணீர் தீர்க்கும்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று, இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பாட்டிலில் முதலில் ஒரு லிட்டரை ஊற்றுங்கள். பிறகு 200 மில்லி டம்ளரால் மூன்று தடவை ஊற்றி, தண்ணீர் நிற்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். அந்தக் கோடு 1.6 லிட்டர். பிள்ளையிடம் அந்த எண்ணைச் சொல்ல வேண்டாம். பெரிய பாட்டிலுக்கு "மைல்", சின்னதற்கு "கிலோமீட்டர்" என்று பெயர் எழுதி ஒட்டுங்கள்.

இப்போது ஒரு பக்கெட்டில் மைல் பாட்டிலால் கோடு வரைக்கும் நிரப்பி நிரப்பி ஐந்து தடவை ஊற்றச் சொல்லுங்கள். பிறகு அதே தண்ணீரைக் கிலோமீட்டர் பாட்டிலால் மொண்டு வேறு பக்கெட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். எத்தனை தடவை என்று சத்தமாக எண்ண வேண்டும். எட்டு வரும். எங்கள் மாடியில் இதைச் செய்தபோது நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "தண்ணி அதேதான் மிஸ், பாட்டிலு சின்னது, அதான் நெறைய வாட்டி" என்றாள். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்துச் சொம்பில் செலவழிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இது புதுசு இல்லை. அவள் சொன்ன வாக்கியத்தையே இப்போது சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.

தூரமும் அப்படித்தான். சாலை அதேதான். பெரிய அளவால் அளந்தால் சின்ன எண் வரும், சின்ன அளவால் அளந்தால் பெரிய எண் வரும். மைலிலிருந்து கிலோமீட்டருக்குப் போனால் எண் வளர வேண்டும், திரும்பி வந்தால் எண் குறைய வேண்டும். எந்தக் கணக்கு போட்டாலும் முதலில் "எண் ஏறுமா, இறங்குமா?" என்று கேளுங்கள். பதில் வராமல் பென்சிலை எடுக்க விடாதீர்கள். மீதியை நீங்கள் அவசரமாகச் சொல்லிக்கொடுத்தால்கூடப் பரவாயில்லை, இந்த ஒன்றில் மட்டும் அவசரம் வேண்டாம்.

படி 2: ஒரு கிலோமீட்டரைக் கால் அறியட்டும்

மைல், கிலோ இரண்டு சொல்லுக்குள்ளும் "ஆயிரம்" ஒளிந்திருக்கிறது. ரோமானியப் படைகள் ஆயிரம் எட்டு எடுத்துவைத்து நடந்த தூரத்தை மைல் என்று வைத்தார்கள். லத்தீனில் ஆயிரத்துக்கு மில்லே என்று பெயர். அவர்கள் கணக்கில் ஓர் எட்டு என்பது இடது கால், வலது கால் இரண்டும் எடுத்துவைத்து முடிப்பது. அதாவது இடது கால் தரையில் படும்போது மட்டும் எண்ண வேண்டும். கிலோ என்பது கிரேக்கத்தில் ஆயிரம். கிலோமீட்டர், ஆயிரம் மீட்டர்.

10 மீட்டர் கயிறு ஒன்றை அளந்து வெட்டிக்கொள்ளுங்கள். தையல்காரர் டேப் 150 சென்டிமீட்டர்தான் இருக்கும், ஆறு தடவை வைத்து, இன்னும் ஒரு மீட்டர் சேர்த்தால் 10 மீட்டர். கயிற்றை மாடியிலோ பள்ளி மைதானத்திலோ தரையில் நீட்டிவைத்து, அதன் ஓரமாகப் பிள்ளையை எப்போதும் போல நடக்கச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளில் ஒருவனுக்கு 18 காலடி வந்தது. அப்படியானால் 100 மீட்டருக்கு 180, ஒரு கிலோமீட்டருக்கு 1800 காலடி. உங்கள் பிள்ளைக்கு வேறு எண் வரும். அது அவனுடைய சொந்த எண். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கட்டும். பிறகு ஒரு நாள் உண்மையாகவே அத்தனை காலடி நடந்து பார்க்க வேண்டும்.

எங்கே நடப்பது என்பதில் கவனம் வேண்டும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் எண்ணூர் பக்கமும் மணலி பக்கமும் கன்டெய்னர் லாரி ஓடும் சாலைகளில் எண்ணிக்கொண்டே நடக்கப் பிள்ளைகளை விடவே கூடாது. எண்ணுகிற பிள்ளை சாலையைப் பார்க்காது. பூங்கா, பள்ளி மைதானம், பெரியவர் ஒருவர் கூட இருக்கும் உள்தெரு, இவை போதும்.

சைக்கிள் இருக்கிற வீட்டில் இன்னொரு வழி. டயரில் ஓர் இடத்தில் சாக்பீஸால் கனமாகக் கோடு போட்டு, சைக்கிளை நேராகத் தள்ளிக்கொண்டு போங்கள். தரையில் ஒரு வெள்ளைக் கோடு விழும், சக்கரம் ஒரு சுற்று முடித்ததும் அடுத்தது விழும். இரண்டுக்கும் நடுவே அளந்தால் 26 இன்ச் சக்கரத்துக்கு ஏறத்தாழ 2 மீட்டர் 7 சென்டிமீட்டர் வரும். ஒரு கிலோமீட்டருக்கு 483 சுற்று. அதையே மைலுக்குப் பின்னால் போட்டுப் பார்த்தால் 777 சுற்று என்று வரும். "நூறு நூறா எண்ணி முந்நூறு சுத்து ஜாஸ்தியா மிதிக்கணுமா?" என்று ஒருவன் அலுத்துக்கொண்டான். மைல் எவ்வளவு பெரியது என்பது அவனுக்கு அந்த இடத்தில் புரிந்துவிட்டது.

நடக்க முடியாத நீளத்தை மெட்ரோவில் காட்டலாம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரி 14-இல் திறந்த பாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர். அது மைலில் எவ்வளவு இருக்கும் என்று இப்போதே ஊகித்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். விடையை நாலாவது படியில் பிள்ளையே கண்டுபிடிக்கும்.

படி 3: பர்லாங்

என் வரிசையின் உயிர்நாடி இதுதான். பாடப் புத்தகத்தில் பர்லாங் கிடையாது, அதனால் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். வீட்டில் எழுபது வயதுக்கு மேற்பட்டவர் யாராவது இருந்தால் பிள்ளையை அனுப்பி, "தாத்தா, ஒரு பர்லாங்னா எவ்ளோ தூரம்?" என்று கேட்கச் சொல்லுங்கள். "தோ, அந்தக் கோடி வீடு வரைக்கும்" என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். "மைலுக்கு எட்டு பர்லாங்" என்றும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் மைல் கற்களுக்கு நடுவே பர்லாங் கற்கள் இருந்தன.

பர்லாங் என்பது 220 கெஜம். மீட்டரில் 201 மீட்டரும் கொஞ்சமும். அதை 200 மீட்டர் என்றே வைத்துக்கொண்டால் என்ன ஆகிறது பாருங்கள்:

ஒரு மைலுக்கு 8 பர்லாங்.
ஒரு கிலோமீட்டருக்கு 5 பர்லாங்.

மைலும் கிலோமீட்டரும் ஒன்றுக்கொன்று ஒட்டாத அளவுகள் போலத் தெரிகிறதே தவிர, பர்லாங் என்ற ஒரே செங்கல்லால் இரண்டையும் கட்டிவிடலாம். எட்டு செங்கல் வைத்தால் மைல், ஐந்து வைத்தால் கிலோமீட்டர்.

இதைப் புளியங்கொட்டையால் செய்கிறோம். 40 கொட்டைகளைத் தரையில் ஒரே நேர்வரிசையில் வைக்க வேண்டும். ஒரு கொட்டை ஒரு பர்லாங். வரிசைக்கு மேல் பக்கம் எட்டு எட்டாகப் பிரித்துச் சாக்பீஸால் கோடு போடட்டும்: ஐந்து மைல். கீழ்ப் பக்கம் ஐந்து ஐந்தாகப் பிரிக்கட்டும்: எட்டு கிலோமீட்டர். மேலே உள்ள கோடும் கீழே உள்ள கோடும் நடுவில் எங்கேயும் சந்திக்காது, நாற்பதாவது கொட்டை தாண்டித்தான் சந்திக்கும். பிள்ளைகள் இதைக் கவனிப்பார்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். மீச்சிறு பொது மடங்கு ஏற்கெனவே படித்த பிள்ளையாக இருந்தால், 5-க்கும் 8-க்கும் அது 40 என்பது இங்கே தரையில் கிடக்கிறது.

5 மைல் 8 கிலோமீட்டர் என்பது கைக்கு வந்துவிட்டால் மீதி அதன் பிள்ளைகள்தான். 10-க்கு 16, 15-க்கு 24, 20-க்கு 32, 25-க்கு 40, 50-க்கு 80, 100-க்கு 160. அத்தையின் ஆபீஸ் 40 கிலோமீட்டர் என்று விடை வந்துவிட்டது, தசமப் புள்ளியைத் தொடவே இல்லை.

கற்களை நேரிலும் காட்டலாம். நம் நெடுஞ்சாலைகளில் இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் நடுவது முறை. 2, 4, 6, 8 என்று எண் போட்டிருக்கும். தேசிய நெடுஞ்சாலை என்றால் கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சள், மாநில நெடுஞ்சாலை என்றால் பச்சை. ஜி.என்.டி. ரோட்டில் செங்குன்றத்தைத் தாண்டி வடக்கே போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரவைத்துத் தேடச் சொல்லுங்கள். எல்லா இடத்திலும் கல் மிஞ்சியிருக்காது, கிடைத்த வரைக்கும் எண்ணட்டும். அந்த 200 மீட்டர் கல்லைப் பார்த்து "பர்லாங்கு!" என்று கத்திய பிள்ளைக்கு இனி நான் சொல்லித்தர அதிகம் இல்லை.

படி 4: அரையே அரைக்கால், பதினாறாம் வாய்ப்பாடு

ஐந்தின் மடங்காகவோ எட்டின் மடங்காகவோ வராத எண்களை என்ன செய்வது? இங்கே தமிழின் பழைய பின்னச் சொற்கள் கைகொடுக்கின்றன.

ஒரு பர்லாங், மைலில் எட்டில் ஒரு பங்கு. தமிழில் அதற்கு அரைக்கால் என்று பெயர். காலில் பாதி. கிலோமீட்டருக்கு ஐந்து பர்லாங் என்றோமே, ஐந்தில் நாலு பர்லாங் அரை மைல், மிச்சம் ஒன்று அரைக்கால் மைல். ஆகவே ஒரு கிலோமீட்டர் என்பது அரையே அரைக்கால் மைல்.

இதையே மனக்கணக்காக்குங்கள். கிலோமீட்டரை மைலாக்க, பாதியை எடு, அந்தப் பாதியில் கால் பங்கைச் சேர். 48 கிலோமீட்டரா? பாதி 24. அதில் கால் 6. மொத்தம் 30 மைல். மெட்ரோ பாதை 9 கிலோமீட்டர்: பாதி நாலரை, அதில் கால் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல், மொத்தம் ஐந்தரை மைலைத் தாண்டி 5.6-க்குப் பக்கம். ஊகித்து எழுதிவைத்த தாளை இப்போது பிரிக்கச் சொல்லுங்கள்.

மைலைக் கிலோமீட்டராக்க, எண்ணோடு அதன் பாதியையும் பத்தில் ஒரு பங்கையும் சேர்த்தால் போதும். பத்தில் ஒன்றுக்குப் பழைய பெயர் இருமா. ஒரு மா என்பது இருபதில் ஒன்று. ஒன்றரையே இருமா என்றால் சரியாக 1.6. 30 மைலுக்கு 30, 15, 3, கூட்டினால் 48. இந்தச் சொற்களை எங்கள் பிள்ளைகள் விளையாட்டு மந்திரம் போலச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். எண்சுவடி படித்த கொள்ளுத்தாத்தாவுக்குத் தெரிந்த பின்னம் தங்களுக்கும் தெரியும் என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை.

நம் ஊரில் வாய்ப்பாட்டைப் பதினாறு வரை மனப்பாடம் செய்யவைக்கிற வழக்கம் உண்டு. பல பிள்ளைகள், "பதினாறாம் வாய்ப்பாடு எதுக்கு மிஸ், யாரு கேக்கப் போறாங்க?" என்பார்கள். இதோ, மைல் கேட்கிறது. ஏழு பதினாறு 112, அப்படியானால் 7 மைல் 11.2 கிலோமீட்டர். ஒன்பது பதினாறு 144, 9 மைல் 14.4 கிலோமீட்டர். கடைசி இலக்கத்துக்கு முன்னால் புள்ளி வைத்தால் முடிந்தது. இந்த இடத்தில்தான் முதல் தடவையாக 1.6 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதுகிறேன். அதற்குள் அது பிள்ளைகளுக்குப் பழகிய முகமாகிவிடுகிறது.

படி 5: ஊகித்துவிட்டுப் போடு

பயிற்சிக் கணக்குகளை வெறும் எண்ணாகக் கொடுக்காதீர்கள். உலகத்தில் நடந்தவற்றைக் கொடுங்கள். நான் கொடுப்பவற்றில் சில:

1802-இல் வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலை அருகே சங்கிலி போட்டு ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய அளவைப் பணிக்கு அந்தக் கோடுதான் அடிப்படை. ஏழரை மைலுக்கு எத்தனை கிலோமீட்டர்? ஏழரை, அதில் பாதி மூன்றே முக்கால், பத்தில் ஒன்று முக்கால். கூட்டினால் 12.

ராயபுரம் ரயில் நிலையம் நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். 1856-இல் அங்கிருந்துதான் தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அந்தத் தூரம் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்தக் காலத்து ஆள் அதை எத்தனை மைல் என்று சொல்லியிருப்பார்? "அறுபதுக்கு மேல" என்று வாயால் வந்தாலே எனக்குப் போதும்.

400 மீட்டர் ஓட்டப்பாதையில் நாலு சுற்று ஓடினால் ஒரு மைல் ஆகுமா? 1600 மீட்டர்தான் ஆகும், இன்னும் 9 மீட்டருக்குச் சற்று அதிகம் ஓட வேண்டும். ரோஜர் பேனிஸ்டர் 1954 மே 6-இல் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 நொடியில் ஓடி, நாலு நிமிடத்துக்குள் ஓடிய முதல் ஆளானார். வியாசர்பாடியில் பந்து விளையாடும் பையன்கள் இதைக் கேட்டதும் தாங்களும் ஓடிப் பார்க்க வேண்டும் என்று கிளம்புவார்கள். நல்லதுதான், ஓடட்டும்.

கிரிக்கெட் கணக்கில் மட்டும் கொஞ்சம் நின்று நிதானமாகப் போக வேண்டும். 2003 உலகக் கோப்பையில் சோயிப் அக்தர் இங்கிலாந்துக்கு எதிராக மணிக்கு 161.3 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பந்தைப் போட்டார். மைலில்? பாதி 80.65, அதில் கால் 20.16, கூட்டினால் 100.8. ஆனால் பதிவில் இருப்பது 100.2 மைல். வகுப்பே "தப்பு தப்பு" என்று சத்தம் போடும். இந்தச் சத்தத்துக்காகத்தான் இந்தக் கணக்கையே வைத்திருக்கிறேன். 0.6 எங்கிருந்து வந்தது? பர்லாங்கை 200 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம் அல்லவா? உண்மையில் அது 201.168 மீட்டர். பர்லாங்குக்கு ஒரு மீட்டர் சொச்சத்தை விட்டுவிட்டோம். சின்னத் தூரத்தில் தெரியாத அந்தச் சொச்சம் நூறு மைல் அளவில் வெளியே தலைகாட்டுகிறது. தோராயம் என்றால் என்ன, எவ்வளவு வரை தாங்கும் என்பதைப் பிள்ளைகள் இந்த ஒரு பந்தில் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

படி 6: குறில், நெடில் வழி வரும் வரிசை

இது இல்லாமலும் பாடம் நிறைவுதான். ஆனால் ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு இதைக் காட்டாமல் விட எனக்கு மனம் வருவதில்லை.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று தமிழ் வகுப்பில் படித்திருப்பார்கள். குறிலும் நெடிலும் மட்டும் வைத்து நாலு மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? நெடில் நெடில், நெடில் குறில் குறில், குறில் நெடில் குறில், குறில் குறில் நெடில், நாலும் குறில். ஐந்து விதம். ஒரு மாத்திரைக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 3, நாலுக்கு 5, ஐந்துக்கு 8, அப்புறம் 13, 21, 34, 55, 89. ஒவ்வொரு எண்ணும் முன்னால் உள்ள இரண்டின் கூட்டுத்தொகை. 12-ஆம் நூற்றாண்டில் சமண அறிஞர் ஹேமசந்திரர், செய்யுளில் குறு அசையும் நெடு அசையும் மாறி மாறி வரும் வகைகளை எண்ணியபோது இந்த வரிசையை எழுதினார். 1202-இல் இத்தாலியின் ஃபிபோனச்சி தன் நூலில் எழுதியதால் இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

இதற்கும் மைலுக்கும் என்ன? வரிசையில் 3-இலிருந்து எந்த எண்ணையும் மைலாக வையுங்கள், அடுத்த எண் ஏறத்தாழ அதன் கிலோமீட்டர். 5 மைல் 8. 8 மைல் 13. 13 மைல் 21. 21 மைல் 34. உண்மை விடைகள் 8.05, 12.87, 20.92, 33.80. அரை மாரத்தான் 13.1 மைல், 21.1 கிலோமீட்டர் என்பது இந்த வரிசையின் ஓரமாகவே ஓடுகிறது. வரிசையில் இல்லாத எண்ணைப் பிரித்துக்கொள்ளலாம்: 60 என்றால் 55-உம் 5-உம், ஆகவே 89-உம் 8-உம், மொத்தம் 97. உண்மை 96.56.

ஒன்றை மறக்காமல் சொல்லிவிடுங்கள். இது தற்செயல். வரிசையில் அடுத்தடுத்த எண்களின் விகிதம் போகப் போக 1.618-ஐ நெருங்கும், மைலுக்கும் கிலோமீட்டருக்கும் உள்ள விகிதம் 1.609. இரண்டும் அக்கம்பக்கத்தில் விழுந்துவிட்டன, அவ்வளவுதான். காரணம் இருப்பதாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

துல்லிய எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதற்கு மட்டும் காரணம் உண்டு. 1959-இல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஆறு நாடுகள் ஒரு கெஜம் சரியாக 0.9144 மீட்டர் என்று ஒப்புக்கொண்டன. ஒரு மைலுக்கு 1760 கெஜம். பெருக்கிப் பார்க்கட்டும்: 1609.344 மீட்டர். புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கத்தோடு சரியாக முடிந்துவிடுகிறது, அதற்கு மேல் மிச்சமில்லை.

படி 7: பரப்பளவில் கால் இடறும் இடம்

எட்டு, ஒன்பது வகுப்புக்காரர்களுக்கு. 2011-இல் திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் சேர்ந்தபோது சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர் ஆனது. சதுர மைலில் எவ்வளவு என்று கேட்டால் பாதியும் அதில் காலும் எடுத்து 266 என்று எழுதுவார்கள். ஒரு மைல் நீளம், ஒரு மைல் அகலம் உள்ள கட்டத்தை வரையச் சொல்லுங்கள். நீளத்திலும் 1.6, அகலத்திலும் 1.6. உள்ளே 2.56 சதுர கிலோமீட்டர், துல்லியமாகச் சொன்னால் 2.59. 426-ஐ அதனால் வகுத்தால் ஏறத்தாழ 164 சதுர மைல்தான்.

படி 8: கடல் மைல்

இப்போது காசிமேட்டுக்குத் திரும்புவோம். கடலில் சொல்லும் மைல் வேறு. நாட்டிக்கல் மைல், கடல் மைல். அது 1852 மீட்டர். வட சென்னைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் மைல் பாடத்தை முடிப்பது தவறு என்பதை நான் அந்தப் பையனிடம்தான் கற்றுக்கொண்டேன். தரையில் ஒரு மைல், கடலில் ஒரு மைல் என்று வீட்டிலேயே இரண்டும் புழங்கும்போது, யார் எந்த மைலைச் சொல்கிறார் என்று முதலில் கேட்கப் பழக வேண்டும். ஜிபிஎஸ் கருவியில் காட்டுவது, வலை போடப் போன தூரம், இந்தியாவின் கடல் எல்லை 12 மைல் என்பது, எல்லாமே கடல் மைல்.

1852 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கலாம். 1790-களில் பிரான்சில் மீட்டரை உருவாக்கியவர்கள், வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரம் ஒரு கோடி மீட்டர், அதாவது 10,000 கிலோமீட்டர் வரும்படி வைத்தார்கள். அதே தூரம் கோணத்தில் 90 பாகை. ஒரு பாகைக்கு 60 கலை (கோணத்தில் நிமிடம் என்பது இதுதான்), ஆக 5400 கலை. ஒரு கலைக்கு ஒரு கடல் மைல். 10,000-ஐ 5400-ஆல் வகுத்தால் 1.85. வரைபடத்தில் அட்சரேகையைப் பார்த்தே தூரம் சொல்லலாம் என்பதால்தான் கப்பல்காரர்கள் இந்த மைலை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

மனக்கணக்குக்கு வழி: எண்ணை இரட்டித்துக்கொள். முதல் எண்ணின் பத்தில் ஒன்றையும், அந்தப் பத்தில் ஒன்றின் பாதியையும் இரட்டிப்பிலிருந்து கழி.

அந்தப் பையனை உட்காரவைத்து, அவன் அப்பா சொன்ன கணக்கையே போடச் சொன்னேன். 12-இன் இரட்டிப்பு 24. பத்தில் ஒன்று 1.2, அதன் பாதி 0.6, இரண்டும் சேர்ந்து 1.8. கழித்தால் 22.2. நோட்டைத் திருப்பி 19.2-க்குப் பக்கத்தில் "தரை" என்றும், 22.2-க்குப் பக்கத்தில் "கடல்" என்றும் எழுதினான். மறுநாள் வந்ததும், "மிஸ், அப்பா இருநூறு மைலுக்குப் போடச் சொன்னாரு. அது வரைக்கும் நம்ம நாட்டுக்குப் பொருளாதார உரிமை உள்ள கடலாம்" என்றான். போட்டு முடித்துவிட்டே வந்திருந்தான்: 400-இல் 30 கழித்து, 370 கிலோமீட்டர்.